மரக்கரியில் உருகும் இரும்பு

நேயர்களுக்கு வணக்கம். விறகை வைத்து இரும்பை உருக்க முடியுமா? 1709-இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி, நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுப் பெறுகிற கோக்கைப் போட்டு ஊதுலையை, அதாவது காற்றை ஊதி இரும்புத்தாதுவை உருக்கும் உலையை, ஓட்டிக் காட்டும்வரை, ஐரோப்பாவின் ஊதுலைகள் மரக்கரியில்தான் ஓடின. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1150 டிகிரி செல்சியஸில் இளகும். அச்சில் ஓடி நிரம்ப 1300-க்கு மேல் வேண்டும்.

பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்த நீரை விரட்டவே போய்விடும். அதனால்தான் விறகை முதலில் கரியாக்குகிறோம். நாலைந்து கிலோ உலர் விறகு ஒரு கிலோ கரி தரும். கரியில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், சாம்பலும் கொஞ்சம்தான். ஆகவே அவற்றைப் பிரித்தெடுக்கக் கோக்குக்குப் போடுகிற அளவு சுண்ணாம்புக்கல் இதற்கு வேண்டாம்.

இனி நான் விடாமல் சொல்கிற விஷயம்: கரித்துண்டின் அளவு. ஊதுகுழாய்க் காற்று கரியில் பட்டதும் கரியமில வாயு பிறக்கிறது. கடும் சூடு அந்த இடத்தில்தான். மேலே ஏறுகிற அதே வாயு அடுத்த கரித்துண்டை அரித்துக் கார்பன் மோனாக்சைடாக மாறும்போது, பிறந்த சூட்டில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. மரக்கரி முழுக்க நுண்துளை. கோக்கைவிட இதில் அந்தத் திருட்டு வேகமாக நடக்கும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் திருட்டும் கூடும். 25 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள உலைக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் துண்டு போதும். தூளைச் சலித்துத் தள்ளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சலியுங்கள்! தூள் காற்றின் வழியை அடைத்தால் உலையில் ஒரு பக்கம் வெளுக்கும், மறுபக்கம் கறுத்துக் கிடக்கும்.

கரியைத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும், உடைத்த முகம் பளபளக்கும். குறைவேக்காடு பொத்தென்று கேட்கும். உலையில் போட்டால் புகையைத்தான் கக்கும். இன்னொன்று, கூடைக் கணக்கு ஏமாற்றும். ஒரு கூடை மரக்கரி, அதே கூடைக் கோக்கில் ஏறத்தாழ பாதி எடைதான். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

உலை எப்படி ஓடுகிறது என்று கசடு, அதாவது இரும்போடு உருகி வருகிற கழிவு, சொல்லும். சாம்பல் நிறத்திலோ வெளிர்பச்சையிலோ வந்தால் நல்லது. கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி வந்தால் இரும்பே ஆக்சைடாகிக் கசடோடு போகிறது, கரியைக் கூட்டுங்கள்.

எஃகைப் பற்றி... கடிகாரம் விரட்டுகிறது. மென் எஃகுக்கு 1500 டிகிரி வேண்டும். கரியோடு நேரே சேர்த்தால் அது கார்பனை உறிஞ்சி வார்ப்பிரும்பாகிவிடும். மூடியுள்ள மூசைக்குள், அதாவது சூடு தாங்கும் உருக்குக் கிண்ணத்துக்குள், வைத்துத்தான் உருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. உருகிய இரும்பு ஈரத்தில் விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை நாலாபுறமும் வாரி இறைக்கும். ஏந்துகிற அகப்பையைச் சிவக்கக் காய்ச்சிய பிறகே இரும்பு வடிகிற உலை வாயைத் திறவுங்கள். வணக்கம்.