லண்டனில் ஒருவர், மணிலாவில் ஒருவர்

வணக்கம் நேயர்களே.

1888ஆம் ஆண்டு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலை. 27 வயது இளைஞர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, 1609இல் மெக்சிகோவில் அச்சான ஒரு ஸ்பானிஷ் புத்தகத்தைத் தன் கையாலேயே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் ஹோசே ரிசால், ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் எழுத்தாளர். புத்தகம், மணிலாவில் அதிகாரியாக இருந்த அந்தோனியோ டி மோர்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பற்றி எழுதியது.

எதற்கு இவ்வளவு பாடு? 'நாங்கள் வருவதற்கு முன்னால் உங்களுக்கு நாகரிகமே கிடையாது' என்று ஸ்பானியர்கள் சொல்லிச் சொல்லி, தீவுவாசிகளே அதை நம்பத் தொடங்கியிருந்தார்கள். மோர்கா ஸ்பானியர்தான். ஆனால் பழைய வாழ்க்கை முழுதாக அழிவதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்தவர். ரிசால் அந்த நூலுக்கு அடிக்குறிப்புகள் எழுதி, 1890 என்று தேதியிட்டுப் பாரிசில் வெளியிட்டார். ஒரு காலத்தில் பெரிய பெரிய கப்பல்களைக் கட்டிய மக்கள், அன்னியர் ஆட்சியில் அந்தத் தொழிலையே மறந்துபோனார்கள் என்பது போன்ற குறிப்புகள் அவை. படிக்கும்போது அவருடைய கோபமும் ஏக்கமும் நம்மையும் தொற்றிக்கொள்ளும்.

சரி, அதே காலத்தில் ஊரில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்லத்தான் இன்று நான் வந்தேன். இசபெலோ டி லோஸ் ரேயெஸ் என்று ஒருவர். வடக்கே இலோகோஸ் பகுதியில் விகான் என்ற ஊரில் பிறந்தவர், மணிலாவில் பத்திரிகையாளர். அவர் தேடியது நூலகத்தில் அல்ல, மக்களின் வாயில். பேய்க்கதை, விதைப்புச் சடங்கு, பழமொழி, பாட்டு என்று கிடைத்ததையெல்லாம் திரட்டி 1889இல் பிலிப்பைன்ஸ் நாட்டார் வழக்காறுகளைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். படித்த மணிலாக்காரர்கள் கேவலமாகப் பார்த்த காட்டு மக்களை, அதாவது ஆயிட்டா, இகோரோட், திங்கியான் மக்களைத் தன் சகோதரர்கள் என்று அதில் எழுதினார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வார்த்தை!

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தேசப்பற்று சில இடங்களில் ரிசாலின் கண்ணை மறைக்கிறது என்றார் இசபெலோ. ரிசாலும் சும்மா விடவில்லை, பத்திரிகையில் சூடாகப் பதில் எழுதினார். எனக்கு இந்தச் சண்டை மிகவும் பிடிக்கும். வெளியூரில் இருப்பவருக்கு ஆவணம் கிடைக்கிறது, ஊரில் இருப்பவருக்கு ஆள் கிடைக்கிறார். ஒருவர் விட்டதை மற்றவர்தான் பிடிக்க முடியும்.

யார் பிலிப்பினோ என்ற கேள்வியும் அப்படித்தான். ரிசாலின் மூதாதையரில் ஒருவர் சீனாவிலிருந்து வந்தவர். நமக்கும் ஓர் இழை அங்கே ஓடுகிறது. 1762இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் கப்பலேறியது சென்னையிலிருந்துதான். கூடப்போன சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இனி மொழிக்கு வருகிறேன், மனதை உறுத்துவது அதுதான். ரிசாலும் இசபெலோவும் எழுதியது ஸ்பானிஷில். அன்று அந்த மொழி தெரிந்தவர்கள் மக்களில் மிகச் சிறிய பங்கு. ரிசாலின் இரண்டு நாவல்களில் ஒன்று 1887இல் பெர்லினில் அச்சானது, மற்றொன்று 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில். அப்புறம் ஸ்பானியர் ஆட்சி போய் அமெரிக்கர் ஆட்சி வந்தது. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள், பள்ளிக்கூடம் ஆங்கிலத்துக்கு மாறியது. 1956இல் ரிசாலின் வாழ்க்கையையும் நூல்களையும் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் போட்டபோது, பாதிரிமாரைச் சாடும் நாவல்கள் என்பதால் கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் சட்டம் நிலைத்தது. இன்றைக்கும் அந்த நாட்டுக் குழந்தை தன் நாட்டின் தலையாய நாவலை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறது. சங்கப் பாட்டுக்கு உரை வேண்டியிருக்கிறதே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். நமக்கு உரை போதும், மொழி நம்முடையது.

இசபெலோவின் தாயார் லியோனா ஃப்ளோரென்டினோ ஒரு கவிஞர். தாய்மொழியான இலோகானோவில் எழுதினார். 1884இல் இறந்துபோனார். மகன் தன் நாட்டார் வழக்காற்று நூலில் அவருடைய கவிதைகளைச் சேர்த்து வைத்தார். அந்த இலோகானோ இன்று எங்கே பட்டப்படிப்பு வரைக்கும் போகிறது தெரியுமா? ஹவாயில். 1906இல் 15 பேர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் இலோகானோக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் அந்த மொழி கற்பிக்கப்படுகிறது.

தாய்நாட்டிலோ, 2012இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியைக் கொண்டுவந்தார்கள். நான் மகிழ்ந்தேன். 2024இல் சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். விகானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை மறுபடியும் தேசிய மொழியான ஃபிலிப்பினோவிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கிறது. லியோனாவின் கவிதையை அதற்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.