குழந்தையோடு காட்டுக்குள் ஓடும்போது வரைபடம் யார் கையில்?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி ஓரியன்டீரிங் பற்றியது: வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, காட்டில் குறித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஓடும் விளையாட்டு. ஸ்வீடனில், கோதன்பர்க்கில் இருக்கும் ஒரு அம்மா கேட்டது. "என் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஓரியன்டீரிங் சொல்லிக்கொடுத்ததிலிருந்து போட்டிக்குப் போயே ஆகணும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நானும் அவனோடு ஓடலாமா? பாதையே இல்லாத காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஓடலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். வரைபடம் அவன் கையில் இருக்கட்டும், நீங்கள் அவனுக்குப் பின்னால் போங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே ஒரு போட்டி. எனக்கு இந்த விளையாட்டு ஓரளவு பழகியிருந்தது. அதனால் அவளுக்கு ஏற்ற எளிய தடத்தை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த தடத்துக்குப் பெயர் கொடுத்தேன். வரைபடத்தையும் நானே வைத்துக்கொண்டேன். மூன்றாவது கன்ட்ரோலுக்கு (தேடிப் போக வேண்டிய, கொடி வைத்த இடத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) போகும் வழியில் கரும்பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. ஓரியன்டீரிங் வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓட முடிகிற காடு. பச்சை கூடக் கூட அடர்த்தி கூடுகிறது என்று அர்த்தம். இது தெரிந்தும், சுற்றிப் போனால் நேரமாகும் என்று நேராக உள்ளே நுழைந்தேன்.

எனக்கு இடுப்பளவில் இருந்த ஸ்ப்ரூஸ் கிளைகள் அவளுக்கு முகத்துக்கு நேராக இருந்தன. விழுந்து கிடந்த மரங்களை நான் ஒரே எட்டில் தாண்டினேன். அவள் ஒவ்வொன்றிலும் வயிற்றை வைத்துப் படுத்து, காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் இறங்கி வந்தாள். அப்புறம் ஒரு சதுப்பு. என் கணுக்கால் நனைந்த இடத்தில் அவளுக்கு முழங்கால் வரை தண்ணீர். ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது, முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தேன். அவள் அழவில்லை. "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்று அவளுக்கு எதுவுமே தெரியாது. என் முதுகைப் பார்த்துக்கொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதற்கப்புறம் ஆறு மாதம் அவள் காட்டுப் பக்கம் வரவே இல்லை.

அதனால் தடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்வீடனில் தடங்களின் கடினத்தை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள். பச்சைதான் மிக எளியது, கன்ட்ரோல்கள் பாதையை ஒட்டியே இருக்கும். (வரைபடத்தில் வரும் பச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அடுத்தது வெள்ளை. அதில் பாதை, கல்சுவர், வாய்க்கால், வேலி என்று ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். மஞ்சளுக்கு வரும்போதுதான் அந்தக் கோட்டை விட்டுக் கொஞ்சம் காட்டுக்குள் நுழைய வேண்டும். 'இன்ஸ்கோல்னிங்' என்று ஒரு வகுப்பு இருக்கும். புதிதாக வரும் குழந்தைகளுக்கானது, பெரியவர் கூடவே போகலாம். உங்கள் மகன் அங்கே தொடங்கட்டும். இந்த விளையாட்டை இங்கே வளர்த்த எர்ன்ஸ்ட் கில்லாண்டர் ஒரு ராணுவ அதிகாரி, சாரணர் தலைவரும்கூட. இளைஞர்களுக்குத் தடகளத்தில் ஆர்வம் குறைகிறதே என்ற கவலையில்தான் 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே காட்டில் பெரிய ஓட்டப் போட்டி நடத்தினார். சின்னவர்களைக் காட்டுக்குள் இழுத்து வருவது அன்றிலிருந்தே இதில் இருக்கிறது.

தொடங்கும் இடம் வரைபடத்தில் ஊதாச் சிவப்பில் ஒரு முக்கோணம். வட்டங்கள் எல்லாம் கன்ட்ரோல், இரட்டை வட்டம் முடிவு. வரைபடத்தைத் திருப்பி, அதன் வடக்கையும் காம்பஸ் முள்ளையும் ஒரே பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நகர நகர விரலையும் நகர்த்தச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இந்தக் கட்டைவிரல்தான் எல்லாம். அளவு 1:7500 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 75 மீட்டர். அதை அவனே இரண்டொரு தடவை எண்ணி நடந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

நீங்கள் வழி சொல்லாதீர்கள், கேளுங்கள். "இப்போ எங்கே இருக்கோம்? அடுத்து என்ன வரணும்?" இவ்வளவு போதும். என் மகள் திரும்ப வந்தபோது நான் இப்படித்தான் செய்தேன். ஒரு பாறையைத் தேட வேண்டியிருந்தது. வரைபடத்தில் அது ஒரு கறுப்புப் புள்ளி. அவள் ஒரு தடவை அதைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் வந்ததும் நின்றாள். "வாய்க்கால் வரக் கூடாதேப்பா, தாண்டி வந்துட்டோம்" என்றாள். திரும்பி நடந்தாள். பாசி படர்ந்த, என் தோள் உயரப் பாறை. அதன் பின்பக்கம் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி. கொடியில் இருந்த எண்ணைத் தன் தாளில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விரலில் மாட்டியிருந்த மின்னணுச் சிப்பை, வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய, அங்கிருந்த பெட்டியில் செருகினாள். பீப் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, வழி தவறினால்? முதலில் நிற்க வேண்டும். தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தால்தான் சிக்கல் பெரிதாகும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். அதுவும் முடியவில்லையா, கிளம்பும் முன்பே இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்: எந்தத் திசையில் போனால் கட்டாயம் ஒரு சாலையோ ஏரியோ வரும்? அதை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். விசில் அவன் கழுத்தில் இருக்கட்டும். பாதியில் விட்டுவிட்டாலும் முடிவிடத்துக்குப் போய்ச் சிப்பைக் காட்டிவிட வேண்டும். நேராக வீட்டுக்குப் போய்விட்டால், நீங்கள் இன்னும் காட்டில்தான் இருக்கிறீர்கள் என்று ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உடையில் ஒன்றே ஒன்று: கால் முழுவதும் மூடியிருக்கட்டும். புளூபெர்ரிப் புதர் காலைக் கீறும், உண்ணியும் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். உண்ணியால் வரும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, உண்ணி பரப்பும் இன்னொரு நோயான போரேலியாவுக்குக் கிடையாது. அதனால் ஊசி போட்டிருந்தாலும் தேடுவதை விடாதீர்கள்.

எப்போது தனியாக விடலாம் என்றும் கேட்டிருந்தார். வயதை வைத்துச் சொல்ல மாட்டேன். முதல் போட்டியில் அவனுக்கு இரண்டடி பின்னால் போங்கள். அடுத்ததில் இருபதடி. அதற்கடுத்ததில் மரங்களுக்கிடையே அவன் சட்டை தெரிந்தால் போதும் என்கிற தூரம். ஒரு கன்ட்ரோலில் சிப்பைச் செருகிவிட்டு, உங்களைத் திரும்பிப் பார்க்காமல், வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்புகிறானா என்று கவனியுங்கள். அப்படிக் கிளம்பினால், அதற்கடுத்த போட்டியில் பச்சைத் தடத்தில் அவனைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் முடிவிடத்தில் நிற்கலாம்.