கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

வணக்கம் நேயர்களே. வயதில் பெரியவர்களுக்குப் போனும் கணினியும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். அங்கே பார்த்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, ஓய்வூதியப் படிவத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று எல்லாவற்றையும் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அப்புறம் ஓடிபி கேட்டது. குறுஞ்செய்தியைத் திறந்து, ஆறு இலக்கங்களையும் வாய்க்குள் முணுமுணுத்தபடியே படிவத்துக்குத் திரும்பினார். எல்லாக் கட்டமும் காலி. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல, சார்" என்றார். அவர் தப்பாக எதையும் அமுக்கவில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்வந்தால் எழுதியதையெல்லாம் அழித்துவிடும்படி அந்தப் படிவத்தை யாரோ செய்துவைத்திருக்கிறார்கள், பழியை இவர் ஏற்றுக்கொள்கிறார்.

கணக்கில் பார்த்தால் அந்தச் சேவை 'ஆன்லைனுக்கு வந்துவிட்டது'. ஒரு நாடு டிஜிட்டலில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பேசும்போது எத்தனை சேவைகள் இணையத்தில் இருக்கின்றன, எத்தனை வீட்டுக்கு இணைப்பு போயிருக்கிறது என்றுதான் எண்ணுகிறோம். எத்தனை பேர் தங்கள் கடவுச்சொல்லை இன்னொருவர் கையில் கொடுக்காமல் தாங்களே வேலையை முடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் எண்ணியாக வேண்டும். எனக்கு அதுதான் முதல் கணக்கு.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-இல் சொன்ன கணக்குப்படி, உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் வாழ்வது சிக்னல் கிடைக்கிற இடத்தில்தான். கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் போன் வாங்கக் காசில்லை, அல்லது சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அல்லது தன் மொழியில் படிக்க அதில் ஒன்றுமில்லை. வசதியான நாடுகளிலும் நிலைமை அப்படியொன்றும் பிரமாதமில்லை. 2030-க்குள் 80 சதவீதம் பேருக்கு அடிப்படை டிஜிட்டல் திறன் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்தது. 2023-இல் அது 56 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றது.

சரி, நன்றாகச் செய்தவர்கள் யார்? எஸ்டோனியாவைச் சொல்வேன். சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு. இணையத்திலேயே ஓட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோரும் வியக்கிறோம், ஆனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதைக் கவனியுங்கள். 1996-இல் 'புலிப் பாய்ச்சல்' என்று பெயர் வைத்து, பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். 2001-இல் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் பணம் போட்டு ஒரு திட்டத்தைத் தொடங்க, அடுத்த சில வருஷங்களில் சுமார் ஒரு லட்சம் பெரியவர்களை உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள், அதாவது வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு! டிஜிட்டல் அடையாள அட்டை 2002-இல் வந்தது, இணைய ஓட்டு 2005-இல் வந்தது. அப்போதும் கூட்டம் அலைமோதவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு இணையம் வழியாக விழுந்தது 2023-இல்தான். பதினெட்டு வருஷம் பொறுத்திருக்கிறார்கள், அந்தப் பதினெட்டு வருஷமும் வாக்குச்சாவடி திறந்தேதான் இருந்தது.

டென்மார்க் 2014-இல் அரசுக் கடிதங்களை மின்னணு அஞ்சல்பெட்டிக்கு மாற்றிக் கட்டாயமாக்கியது. ஆனால் முடியாதவர்கள் விலக்குக் கேட்டால் தபாலிலேயே கடிதம் போகும். இந்த விலக்கைப் பின்னடைவு என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அது மரியாதையாகத்தான் தெரிகிறது.

அப்புறம், எதைச் சொல்லிக்கொடுப்பது? ஐரோப்பாவில் 2013-இல் வெளியான டிக்காம்ப் என்ற சட்டகம் டிஜிட்டல் திறனை ஐந்தாகப் பிரிக்கிறது: தகவலைத் தேடி எடைபோடுவது, மற்றவர்களோடு தொடர்புகொள்வது, தானே ஒன்றை உருவாக்குவது, பாதுகாப்பு, கடைசியாகச் சிக்கலைத் தீர்ப்பது. பல வகுப்புகளில் இந்தக் கடைசி ஒன்றுக்கு நேரமே வருவதில்லை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அடுத்த மாதம் அந்தப் பொத்தான் இடம் மாறினால் அவர்கள் மறுபடி அடுத்தவர் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் நின்றுபோனால் பதறாமல் திரும்ப முயல்வது, இது என் தப்பா அதன் தப்பா என்று பிரித்துப் பார்ப்பது, ஓடிபியைக் கேட்டு யார் போன் செய்தாலும் தயங்காமல் துண்டிப்பது, இதற்கெல்லாம் பல வாரம் உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சொல்லிக்கொடுத்தால், தயவுசெய்து போனை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். "குடுங்க, நானே பண்ணிடறேன்" என்று ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்த முறையும் அவர்களே நீட்டுவார்கள். எனக்கும் கை பரபரக்கும். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

அந்த அம்மாவிடமும் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: செய்தி வரும்போது எண் திரையின் மேல் விளிம்பில் சில நொடி தெரியும், படிவத்தை விட்டு வெளியே போக வேண்டாம். முதலிலிருந்து ஆரம்பித்தார். எண் வந்து மறைந்தது, நான்கு இலக்கம்தான் பிடிபட்டது. 'மீண்டும் அனுப்பு' என்பதை அவரே தேடிக் கண்டுபிடித்து அமுக்கினார். இந்தத் தடவை ஆறும் கிடைத்தன. பதிவு எண் திரையில் வந்ததும் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தார்.