நேற்றைய கடைசி பில் தெரிகிறதா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டரில் இருக்கிற கடைக் கணக்கை மழைக்கு முன்னால் காப்பி, அதாவது இன்னொரு பிரதி, எடுத்துப் பத்திரப்படுத்துவது பற்றிப் பேசப் போகிறேன். மார்த்தாண்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வருகிறேன். கருங்கல், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை வரைக்கும் என் வாடிக்கைக் கடைகள் உண்டு. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, எங்களை அவ்வளவாக வதைப்பதில்லை. துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழைதான் பயம். மத்தியானம் வரை வெயில் காயும், நாலு மணிக்கு இடி விழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் சேர்ந்துகொள்ளும்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கி புயல். அந்த நாளைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களிடம் நான் விவரிக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் நம் கரையில் இருக்கின்றன. அந்த இழப்புக்கு முன்னால் ஒரு கடையின் கணக்கு மிகச் சிறிய விஷயம். ஆனாலும் அந்தக் கணக்கை நம்பி நாலு பேருடைய சம்பளம் இருக்கிறது, கடன் கொடுத்தவர், வாங்கியவர் எல்லாருடைய நிம்மதியும் இருக்கிறது. அதனால்தான் பேச வந்தேன்.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 29ஆம் தேதி இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் புயலாகிவிட்டது. புயல் வருகிறது என்று கேட்ட பிறகு எதையும் ஏற்பாடு செய்ய நேரமே கிடைக்கவில்லை. ஆகவே முன்னேற்பாட்டு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

சரி, ஒரு கடையின் கதையைச் சொல்கிறேன். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. ஒக்கியில் கூரைத் தகடு பறந்து, ராத்திரி முழுக்க மழை கம்ப்யூட்டர்மேல் கொட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் மரங்களைத் தாண்டித் தாண்டி நான் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் கலங்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பென் டிரைவை எடுத்து நீட்டினார். "மக்களே, பெட்டி போனா போட்டு. எல்லாம் இதுல இருக்கு" என்றார். கடைப் பையன் தினமும் சாயங்காலம் அதில் காப்பி எடுப்பான், பெரியவர் அதை வீட்டுக்குக் கொண்டு போவார். மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார்கள்.

என் லேப்டாப்பில் செருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அளவு 2 கேபி, ஒரு கடையின் கணக்குக்குத் துளிகூடக் காணாது.

படம் வரைந்து காட்ட வழியில்லை, வாயால் சொல்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும் அல்லவா? அவற்றில் பல ஷார்ட்கட். ஒரு வீட்டுக்கு வழியை மட்டும் சீட்டில் எழுதி வைத்த மாதிரி. பையன் காப்பி எடுத்தது கணக்கை அல்ல, கணக்கு புரோகிராமின் அந்தச் சீட்டை. வீடு இடிந்த பிறகு வழி எழுதிய சீட்டை வைத்து என்ன செய்வது?

பெரியவர் பையனைத் திட்டவில்லை. அவன்மேல் குற்றமும் இல்லை. எடுத்ததைத் திறந்து பார் என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு கைகொடுத்தவர்கள் தோட்டக்காரர்கள்தான். ஷீட் எடை போட்டபோது கொடுத்த துண்டுச் சீட்டுகளை ஓரோருவராகக் கொண்டு வந்தார்கள். தமக்கு வரவேண்டியதை மட்டுமல்ல, முன்பணமாக வாங்கியதையும் சொன்னார்கள். கணக்கு ஒரு வடிவத்துக்கு வரப் பங்குனி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து போகிற கடையில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறேன். காப்பி இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் நேற்றுப் போட்ட கடைசி பில் தெரிகிறதா? மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம். சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமாருக்கும் சொல்கிறேன், கடையிலிருந்து வருகிறவரிடம் இன்றைக்கு ராத்திரி கேளுங்கள்: நேற்றைய கடைசி பில் தெரிகிறதா?

அந்தக் காப்பி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வெளியூரில் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. கடையும் வீடும் ஒரே தெருவில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அது புயல்கூட இல்லை. மதுரையில் அக்கா மகன் இருந்தால் ஒரு ஹார்டு டிஸ்க்கை அவனிடம் கொடுத்து வையுங்கள். இல்லையென்றால் இணையத்தில் ஏற்றி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: இங்கே அழித்தால் அங்கேயும் தானே அழிகிற வகை ஏற்பாடு இருக்கிறது. அதைக் காப்பி என்று நம்பாதீர்கள், பழைய நாள்களின் பிரதியும் தனியாக நிற்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். புயல் அடித்துப் போன பிறகு, கரண்ட் திரும்பி வரும்போதுதான் என் கடையில் கூட்டம். கம்பத்தில் நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 பக்கம் ஏறிவிடக் கூடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவி விடுங்கள். இடி நேரத்தில் இன்டர்நெட் வயரையும் உருவ வேண்டும், அந்த வழியாகவும் மின்னல் வரும். கம்ப்யூட்டரைத் தரையிலிருந்து மேசைமேல் தூக்கி வைப்பதற்குச் செலவே கிடையாது. நனைந்த பெட்டியை ஆசையோடு ஆன் செய்து பார்க்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். இன்ஷூரன்ஸ் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். சரக்கையும் எந்திரங்களையும், அவற்றின் சீரியல் நம்பர் தெரிய, மழைக்கு முன்னால் படம் எடுத்து வெளியூரில் உள்ள உறவுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அதனால் பழைய வருடங்களுக்கும் காப்பி வேண்டும். அப்புறம் பத்து முக்கியமான போன் நம்பர்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பணப்பெட்டிக்குள் வையுங்கள். ஒக்கியில் டவர் விழுந்து செல்போன் அணைந்து போனபோது, மகளுடைய நம்பர்கூட மனப்பாடமாக இல்லாமல் நின்றவர்களைப் பார்த்தேன். வணக்கம்.