அம்மாவிடம் சொல்லியாச்சா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு ஒரு பெண் எப்படித் தயாராவது, அந்தச் சமயத்தில் மனதுக்குத் துணை எங்கே கிடைக்கும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. அறுவை வார்டில் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர்கள் போன பிறகுதான் கட்டிலில் இருப்பவர்கள் வாய் திறப்பார்கள். நடு ராத்திரியில் காய்ச்சல் பார்க்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அப்படி அவர்கள் கேட்டவற்றை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அட்மிஷன் போட்ட அன்று மகனோ மருமகனோ எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொல்வார்: "சிஸ்டர், அம்மாகிட்ட சாதாரணக் கட்டின்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க." பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு போட்ட வாசல் வழியாகத்தானே வந்தார்? படிக்கத் தெரியாதவராகவே இருந்தாலும், பக்கத்துக் கட்டில்காரரிடம் கொஞ்ச நேரம் பேசினால் எல்லாம் விளங்கிவிடும். விளங்கியதும் என்ன செய்வார்? பிள்ளைகள் கஷ்டப்படுமே என்று அவரும் தெரியாதது போலவே இருந்துவிடுவார். இவர்களும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, மனசு விட்டுப் பேச வேண்டிய நேரத்தில், யாரிடமும் அழ முடியாமல் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வார். எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள் அப்படிப் படுத்திருக்கிறார்கள் தெரியுமா?

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. மயக்க மருந்து கொடுத்துப் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் கேட்டுவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த ஒருவருக்காக அவரைப் பெற்ற தாய் கொடுக்கும் சம்மதம்கூடச் செல்லாது, நோயாளி கண் விழிக்கும் வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு. அப்படியிருக்க, என்ன நோய் என்றே தெரியாத ஒரு அம்மாவிடம் பேனாவைக் கொடுத்து "இங்க போடும்மா" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். உங்களால் முடியவில்லை என்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது அவருக்கு மிகவும் பிடித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "மார்பில இருக்கிறது புற்றுநோய்க் கட்டிம்மா. ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. நாங்க கூடவே இருக்கோம்." இது போதும். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அழுதால் அழட்டும். "அழாதம்மா" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அவராகவே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். அப்போது தெரிந்ததைச் சொல்லுங்கள்.

இப்போது பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனை செய்து, ரிப்போர்ட் வந்து, பேசி முடிவெடுத்து, அப்புறம்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிறார்கள். நடுவில் கிடைக்கும் இந்தச் சில நாட்கள் சும்மா வந்துவிடவில்லை. 1970களில்கூட அமெரிக்காவில் கட்டியோடு போகிற பெண், ஒரே மயக்கத்தில் சோதனையும் செய்து, புற்றுநோய் என்றால் மார்பையும் எடுத்துவிடலாம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். கண் விழித்துத் தொட்டுப் பார்த்தால்தான் தனக்கு என்ன நடந்தது என்று தெரியும். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், தனக்குக் கட்டி வந்தபோது, இதற்கு ஒத்துக்கொள்ள மறுத்தார். முதலில் சோதனை, முடிவைச் சொல்லுங்கள், ஆபரேஷனை அப்புறம் நான் தீர்மானிக்கிறேன் என்று நின்றார். 1979இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, இரண்டையும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் அவரும் இருந்தார். பெண்கள் போராடி வாங்கிய அந்த இடைவெளியை நம் வீடுகளில் கட்டியைப் பற்றிப் பேசாமலேயே கழித்துவிடுகிறோம்.

சரி, அந்த நாட்களில் டாக்டரிடம் என்ன கேட்பது? ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும், அது இயல்பு. முதல் கேள்வி: முழு மார்பையும் எடுக்க வேண்டுமா, கட்டியையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சப் பகுதியையும் மட்டும் எடுத்தால் போதுமா? "முழுசா எடுத்துட்டாத்தான் நிம்மதி" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் ஃபிஷர், இந்த இரண்டு டாக்டர்களின் குழுவும் 20 ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் வாங்கிக்கொண்டவர்கள், முழு மார்பை எடுத்தவர்களுக்குச் சமமாகவே உயிர் வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாக இருக்கலாம், ஒரே மார்பில் பல இடத்தில் இருக்கலாம். சிலருக்கு முதலில் கீமோ என்னும் புற்றுநோய் மருந்தைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வார்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மார்பை வைத்துக்கொண்டால், கரண்ட் வைப்பது என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுக்குச் சில வாரம் தொடர்ந்து போக வேண்டும். கிராமத்திலிருந்து வருகிறவர் எங்கே தங்குவது, மாட்டையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்து டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். சிகிச்சையை முடிவு செய்வதில் இதற்கும் பங்கு உண்டு.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுப்பார்களா, எத்தனை எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி எது என்று கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவது உண்டு. மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். முன்னால் சொல்லாமல் விட்டால் பயந்துபோய்விடுவார்கள்.

பணத்தைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் ஆபரேஷன் தேதிக்கு முன்பே பேசிவிடுங்கள். கடைசி நாளில் அலைந்தால் கூட இருப்பவர் நோயாளியை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில்தான் நிற்பார்.

கத்தியைவிட மயக்க ஊசிக்குத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். "தூங்கிட்டு எழுந்திருக்காம போயிட்டா?" என்று கேட்பார்கள். 1804இல் ஜப்பானில் ஹனவோகா செய்ஷு என்ற வைத்தியர் மூலிகை மருந்தால் மயக்கம் கொடுத்து ஒரு அறுவை சிகிச்சை செய்தார். உடம்பு முழுவதும் மயங்க வைத்துச் செய்ததாகப் பதிவாகியிருக்கும் ஆரம்பகால அறுவைகளில் அது ஒன்று. அதுவும் மார்பகப் புற்றுநோய்க்காக. அப்போது துணைக்கு இருந்தது வைத்தியரின் கண்ணும் கையும்தான். இப்போது ஆபரேஷன் முடியும் வரை மயக்க டாக்டர் தலைமாட்டை விட்டு நகர மாட்டார். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் அவர் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பே வந்து உங்களைப் பார்ப்பார். அப்போது எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, சர்க்கரை, ஆடுகிற பல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ரகசியமாகச் சாப்பிட்டு வரும் நாட்டு மருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எப்போதிலிருந்து சாப்பிடக்கூடாது, தண்ணீர் எப்போது வரை குடிக்கலாம் என்று சொல்வார்கள், அதை அப்படியே கேளுங்கள். பரிதாபப்பட்டு ஒரு வாய் காபி கொடுத்து, ஆபரேஷனே தள்ளிப்போன கதை வார்டில் சகஜம்.

நகைகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியையும். இதற்காகவே கதவருகில் நின்று அழுதவர்கள் உண்டு. ரத்தக் கசிவை நிறுத்தும் கருவியில் மின்சாரம் ஓடுகிறது, உலோகம் உடம்பில் இருந்தால் சுட்டுவிடும் அபாயம் உண்டு, அதனால்தான் சொல்கிறார்கள். கோவிலில் வைத்தோ வீட்டுச் சாமி முன்னாலோ முதல் நாளே கழற்றி, தங்கம் இல்லாத மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிப்பார்களா என்று வார்டு சிஸ்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில், தள்ளுவண்டியில் படுத்த பிறகு கழற்றச் சொன்னால்தான் மனசு உடைந்துபோகிறது.

வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் தையல் பக்கத்தில் ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு டப்பாவும் இருக்கும். உள்ளே சேரும் நீர் வெளியே வர வைத்திருக்கும் டிரெயின் அது. தினமும் எத்தனை மில்லி என்று அளந்து எழுத வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் வழக்கமாக எடுத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழே தொங்க வேண்டும். அதற்கென்று நாடா வைத்து ஒரு துணிப் பை முன்பே தைத்து வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, தளர்வாகத் தைத்த முன் ஹூக் ஜாக்கெட் இரண்டு மூன்று வேண்டும். தலைக்கு மேல் கையைத் தூக்கிப் போடும் எந்த உடையும் அப்போது ஆகாது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கலாம், பயப்பட வேண்டாம். விரலை மடக்கி நீட்டுவது, தலை சீவுவது என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை வலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விட்டால் தோள் இறுகிப்போகும். காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, திடீரென வீக்கம் என்றால் உடனே போக வேண்டும்.

மனசுக்குத் துணை என்று கேட்டால், நான் பார்த்தவரை, ஏற்கெனவே இந்த ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக நடமாடும் இன்னொரு பெண்ணுக்கு ஈடு யாருமில்லை. 1952இல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பு எடுக்கப்பட்டது. இனி கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது, யாரிடம் கேட்பது என்று எதுவும் தெரியாமல் தவித்த அவர், தேறியதும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். டாக்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. அவர் தொடங்கிய அந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. வார்டிலும் நான் அதைத்தான் செய்வேன். செக்கப்புக்கு வரும் பழைய நோயாளி யாராவது சம்மதித்தால், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரிடம் கூட்டிப்போவேன். நாங்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்காத முகம், அந்த அம்மா தன் கையை மேலே தூக்கிக் காட்டியதும் மாறும். "தழும்பைக் காட்டட்டுமா?" என்று திரைக்குப் பின்னால் அழைத்துப்போனவர்களும் உண்டு. நீங்கள் சிகிச்சை பெறும் இடத்தில் சிஸ்டரிடமோ கவுன்சிலரிடமோ கேளுங்கள்: "இது பண்ணிக்கிட்ட யார்கிட்டயாவது பேச முடியுமா?" கேட்க வெட்கமே வேண்டாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. என்ன பேசுவதென்று தெரியாமல் நீங்கள் டீக்கடைப் பக்கம் போய்விடுகிறீர்கள். உங்களுக்கும் பயம்தான், எனக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் இருப்பவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார். "இனிமே இவருக்கு நான் வேண்டாமோ" என்று எங்களிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். காயத்துக்குப் போட்ட கட்டை முதன்முதலில் அவிழ்க்கும் நாளில், அவர் விரும்பினால், பக்கத்தில் இருங்கள். முகத்தைத் திருப்பாதீர்கள். எதுவும் பேச வராவிட்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து உங்கள் ஊரில் யார் யார் இந்த நோயில் போனார்கள் என்ற கணக்கைக் கொண்டுவராதீர்கள். முன்ஜென்மப் பாவம் என்று பேசாதீர்கள். இது ஒட்டுகிற நோயும் இல்லை. அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஒரு வேளைச் சாப்பாடு செய்து கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பயம் முடிந்துவிடாது. எடுத்த சதையைச் சோதித்து முழு ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அடுத்து கீமோவா, கரண்டா, மாத்திரையா என்பது அப்போதுதான் தெரியும். வந்து போகும் கூட்டமெல்லாம் குறைந்து, வீடு பழையபடி ஆகிவிட்ட அந்த வாரத்தில்தான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல், வீட்டில் யாரையும் எழுப்ப மனசு வராமல் இருந்தால், 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த எண்ணை ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்பே போனில் போட்டு வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.