யூரியா எப்போது போடலாம்? இலையைக் கேளுங்கள்

வணக்கம். மியான்மரின் பேகோவில் மழை சற்று விட்டிருக்கிறது, மறுபடி பிடிப்பதற்குள் காட்டிவிடுகிறேன். கையில் இருப்பது நெல்லுக்கு எப்போது யூரியா வேண்டும் என்று சொல்லும் இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; பச்சை கூடக் கூட எண்ணும் கூடும்.

"மண்ணைச் சோதித்துத் தாள் வாங்கியாயிற்று, இலை எதற்கு?" என்று கேட்கிறீர்கள். மணிச்சத்து, சாம்பல்சத்து, களர், புளிப்பு எல்லாவற்றுக்கும் அந்தத் தாளை நம்பலாம். யூரியா தரும் தழைச்சத்து விஷயத்தில் மட்டும் அவ்வளவு நம்ப வேண்டாம். தண்ணீர் நிற்கும் வயலில் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் தங்காது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி விட்டுவிடும். ஈர மண்ணைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் அதற்குள்ளேயே கணக்கு மாறிவிடும்.

அதனால்தான் இலையின் பச்சையைக் கேட்கிறோம். இப்போது பாருங்கள். முழுதாக விரிந்த இலைகளில் மேலே இருக்கும் இளசான இலை, இதுதான். கிள்ள வேண்டாம். அதன் நடுப்பகுதியை அட்டைமேல் வைக்கிறேன். முதுகை வெயிலுக்குக் காட்டி நிற்கிறேன், என் நிழல் இலைமேல் விழ வேண்டும். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும். இதை ஒருவரே கடைசிவரை பார்ப்பது நல்லது, ஆளுக்கு ஆள் கண் வேறு. இது 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கிறது. இப்படிப் பத்து இலை. நடவு நெல்லில் பத்தில் ஆறு இலைகளாவது 4-க்குக் கீழே இருந்தால் மேலுரமாக யூரியா போடலாம். நேரடி விதைப்புக்கு எல்லை 3. நட்ட 14-ஆம் நாளில் தொடங்கி, பூக்கும் வரை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 20 கிலோ யூரியா போதும். மூட்டையில் எழுதியிருக்கும் 46 சதவீதத்தின்படி, அதில் சுமார் 9 கிலோ தழைச்சத்து.

ஒரு எச்சரிக்கை. அடி இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் கந்தகம் குறைந்திருக்கலாம். அங்கே யூரியாவைக் கொட்டிப் பயனில்லை.

பக்கத்து வயல் நம்முடையதைவிடக் கருகருவென்று இருக்கிறதே என்று மனம் அரிக்கும். அரிக்கட்டும். இங்குள்ள பவ்சான் ரகம் போல உயர்ந்து வளரும் நெல் யூரியா மிஞ்சினால் காற்றுக்குச் சாயும், குலைநோய் என்ற பூஞ்சை நோயும் தேடி வரும். தூறல் ஆரம்பித்துவிட்டது. இன்று உரம் தூவினால் வாய்க்காலுக்குத்தான் போகும், நாளை மடையை அடைத்துவிட்டுத் தூவிக்கொள்கிறேன்.