கொள்ளிடக் கரையில் பழகலாமா, ட்ராக்குக்குத்தான் போக வேண்டுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அணைக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரிடம் யமஹா ஆர்15 பைக் இருக்கிறது. "நம் பகுதியில் மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வளைவும் இல்லை. இருந்தாலும் வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. விடியற்காலையில் கொள்ளிடக் கரைச் சாலையில் நானே பழகிக்கொள்ளலாமா, அல்லது ரேஸ் ட்ராக்கில் நடத்தும் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டிப் போகத்தான் வேண்டுமா? அங்கே முட்டியைத் தரையில் உரசக் கற்றுத் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வளைவு இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊர்ச் சாலைகளில் பாதிக்கு மேல் வாய்க்கால் கரையாக இருந்து பிறகு தார் பூசிக்கொண்டவை. எந்தக் காலத்திலோ வாய்க்கால் எந்த வயலின் வரப்போரம் திரும்பியதோ, அதே இடத்தில் இன்று சாலையும் திரும்புகிறது. மலைப்பாதை வளைவையாவது வண்டி திரும்பும் விதத்தை யோசித்து வெட்டியிருப்பார்கள்; இங்கே தண்ணீர் திரும்பிய விதத்தில் நாம் திரும்புகிறோம். வளைவின் உள்பக்கம் மூங்கில் புதரோ வாழைத் தோட்டமோ மறைத்துக்கொண்டிருக்கும், நடுவில் மதகின் மேடு ஒன்று வண்டியைத் தூக்கிப் போடும், வெளிப்பக்கம் நேராக ஆறு. ஆகவே வளைவில் ஓட்டும் திறமை நமக்குத் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. எங்கே பழகுவது என்பதுதான் கேள்வி.

கரைச் சாலையில் பழகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் சட்டம் மட்டுமன்று. ஒரே வளைவைத் திரும்பத் திரும்பச் சுற்றினால்தான் நாம் செய்யும் தவறு நமக்கே பிடிபடும். அதற்கு அந்த வளைவின் தரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் சாலையில் காலை ஆறு மணிக்குச் சுத்தமாக இருந்த வளைவில் ஏழு மணிக்கு நெல் காயும். அறுவடைக் காலமென்றால் வைக்கோல் கிடக்கும், வயலிலிருந்து ஏறிய அறுவடை இயந்திரம் உதிர்த்துவிட்டுப் போன சேறு கிடக்கும். எனக்கே ஒரு குறுவை அறுவடையின்போது இப்படி நடந்தது. இடது வளைவு ஒன்றில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன் என்று தோன்றியவுடன் த்ராட்டிலை, அதாவது வலது கையால் முறுக்கும் ஆக்ஸிலரேட்டரை, முழுவதும் மூடி, முன் பிரேக்கையும் பிடித்தேன். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்த வண்டி வளையவில்லை. எதிர்ச்சாரியைக் கடந்து, காய வைத்திருந்த நெல்லின் மேல் போய் விழுந்தேன். எதிரே பேருந்து வராதது என் நல்ல காலம். நெல்லுக்குச் சொந்தக்காரரான பெரியவர் திட்டுவதற்கு முன் தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் திட்டினார்.

அன்றைக்கு என் வேகம் அந்த வளைவுக்கு உண்மையில் அதிகமில்லை என்பதைப் பின்னாளில் ட்ராக்கில்தான் புரிந்துகொண்டேன். பயம் கையை இயக்கியதுதான் தவறு. வளைவுக்குள் த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் பாரம் முன்பக்கம் பாய்கிறது, முன் சக்கரத்தின் அதிர்வு தாங்கியான சஸ்பென்ஷன் அமுங்குகிறது, தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது; ஏற்கெனவே திரும்புவதற்காகத் தன் பிடிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும் முன் டயரின் தலையில் இன்னொரு சுமையும் ஏறுகிறது. பின் டயர் அகலமானது. ஆகையால் மொத்தப் பாரத்தில் சுமார் 40 சதவீதம் முன்னாலும் 60 சதவீதம் பின்னாலும் இருந்தால் வண்டி வளைவில் நிலையாக நிற்கும். அந்தப் பங்கீட்டைக் கொண்டுவருவது உங்கள் வலது கை. வண்டியைத் திருப்பி முடித்ததும் த்ராட்டிலை மெல்லத் திறந்து, வளைவு முடியும் வரை இடைவிடாமல், சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். பயந்த கை அதைச் செய்யாது என்பதால்தான் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது.

பெரும்பாலான பள்ளிகள் முதல் நாளில் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். 1980-ல் அமெரிக்கப் பயிற்றுநர் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வகுப்புகளை நடத்தியிருக்கிறது. சென்னைப் பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணன் நிறுவிய பயிற்சிக் கழகமும் இருக்கிறது. முறைகள் இடத்துக்கு இடம் சற்று மாறும். ஆனால் பொதுவாக ஒரு பாடத்தை வகுப்பறையில் பலகையில் வரைந்து விளக்குவார்கள், உடனே ட்ராக்கில் இறக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் செய்யச் சொல்வார்கள், பயிற்றுநர் பின்னால் வந்து கவனிப்பார், ட்ராக்கோரம் வண்டிகளை நிறுத்தும் இடமான பிட்டுக்குத் திரும்பியதும் எந்த வளைவில் கை தடுமாறியது என்று சொல்வார். சில வகுப்புகளில் முதல் சுற்றுகளை ஒரே கியரில், பிரேக் தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். இதென்ன விளையாட்டு என்று நானும் நினைத்தேன். பிரேக் இல்லையென்றால் வளைவுக்கு ஏற்ற வேகத்தை நுழைவதற்கு முன்பே கண்ணும் மனமும் கணித்தாக வேண்டியிருக்கிறது என்பது மூன்றாவது சுற்றில் உறைத்தது.

அடுத்தது திருப்பும் முறை. நடை வேகத்தைத் தாண்டிவிட்ட வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் இடது பக்கத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும். கவுண்டர் ஸ்டியரிங் என்று சொல்கிறார்களே, அது இதுதான். சைக்கிள் ஓட்டிய நாளிலிருந்து நாம் எல்லோரும் அறியாமல் செய்வது. அறிந்து செய்தால், நினைத்த இடத்தில் நினைத்த விரைவில் வண்டி சாயும். அதோடு பார்வை. கண் எங்கே நிலைக்கிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் பள்ளத்தில் இறக்கியவர்கள் எத்தனை பேர்!

முட்டி உரசுவதைக் கேட்டீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வண்டி ஏறத்தாழ 30 டிகிரி சாய வேண்டும். அதையே 80-ல் கடக்க 45 டிகிரி. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சாய்வு ஒன்றரை மடங்காகிறது. உடலை உள்பக்கமாக இறக்குவது அந்தச் சாய்வில் கொஞ்சத்தை மிச்சப்படுத்துவதற்காக. முட்டி தரையில் படுவது, இன்னும் எவ்வளவு சாயலாம் என்று அளந்துகொள்ள உதவுகிற ஒரு விளைவு. அதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டு வருகிறவர், உடம்பைத் தொங்கவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவார். வண்டி அவர் சொல் கேட்காது. முதல் நாளில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

எங்கே போவது என்றால், நமக்குத் தமிழ்நாட்டிலேயே ட்ராக்குகள் இருப்பது ஒரு பாக்கியம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது 1990-ல் திறக்கப்பட்டது, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர். ஆர்15 போன்ற சிறிய வண்டி இவற்றுக்குத் தாராளமாகப் போதும்; இன்னும் சொன்னால், பெரிய வண்டியின் எஞ்சின் பலத்தில் மறைந்துவிடும் தவறுகளைச் சிறிய வண்டி காட்டிக்கொடுத்துவிடும். லெதர் சூட், கணுக்காலை மறைக்கும் பூட்ஸ், மணிக்கட்டைத் தாண்டிய கையுறை, முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் ஆகியவை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சூட்டை வாடகைக்குத் தருகிறார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கற்றதில் ஒன்றை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பைத் தொட்டு மறுபடி வெளி விளிம்புக்குப் போகும் ட்ராக் கோடு நமக்கு உதவாது. கரைச் சாலையில் உங்களுடையது இடது பாதி மட்டும். அதற்குள்ளேயே, வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்திருந்து, தாமதமாக உள்ளே திரும்புங்கள்; நெல் காய்ந்தாலும் ஆடு படுத்திருந்தாலும் அப்போதுதான் நிறுத்த இடம் கிடைக்கும்.

இன்னொரு நடைமுறை விஷயம். வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு என்று எழுதியிருக்கும். ட்ராக்கில் விழுந்தால் வண்டியின் செலவு உங்கள் கைக்காசு என்று எண்ணிக்கொண்டே போங்கள். முடிந்தால் உங்களைப் போல் ஆசைப்படும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சிறிய சரக்கு வண்டி பேசி எல்லா பைக்கையும் ஏற்றிச் செல்லுங்கள். நாள் முழுவதும் ட்ராக்கில் ஓட்டிய பிறகு கையும் தொடையும் நடுங்கும். அந்த உடம்போடு இரவில் அணைக்கரை வரை ஓட்டி வருவது, ட்ராக்கில் செய்ததையெல்லாம் விட ஆபத்தானது.